ஆயிரத்து நூற்று நாற்பது பேர்

ஆயிரத்து நூற்று நாற்பது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், நாக்கு எங்கேயும் தடுக்காது, அப்புறம் நன்றி வணக்கம், அப்புறம் கைதட்டல், அப்புறம் பிரியாணி. மண்டபத்தின் பின்பக்கம் தம் போட்டுவிட்டார்கள் போல, பட்டையும் கிராம்பும் மேடை வரைக்கும் வருகிறது, அதற்கு அடியில் இந்த ஊர்த் தோல் வாசனை, பாலாற்றுப் பக்கமிருந்து காற்றடித்தால் கல்யாண மண்டபம் என்றும் பார்க்காது, கோயில் என்றும் பார்க்காது, உள்ளே வந்துவிடும். எனக்குப் பசியே இல்லை. வாய் உலர்ந்து கிடக்கிறது. மேடையில் இருக்கிற நாற்காலிகளில் என்னுடையது மட்டும்தான் பிளாஸ்டிக், மற்றதற்கெல்லாம் சிவப்பு வெல்வெட் போர்த்தியிருக்கிறார்கள், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துத் தகவல் பிரிவு உதவியாளர் பியூலாவுக்கு இது போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், நல்லது, வெல்வெட்டில் உட்கார்ந்தால் வேர்க்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர் பரந்தாமன், தையல் பயிற்சி நிலையத்தின் தாளாளர், காலணித் துறையில் நம் பெண்களின் பொற்காலம் என்று ஆரம்பித்தவர் இன்னும் பொற்காலத்தை விட்டு நகரவில்லை. அவர் முடித்ததும் நான். பக்கத்தில் எங்கள் அதிகாரி அம்பலவாணன் சார் கால்மேல் கால் போட்டு, தலையை என் பக்கம் சாய்த்து, உதடு அசையாமல் சொல்கிறார், "பியூலாம்மா, பேப்பர்ல இருக்கறத மட்டும் படிங்க. மேல ஒரு வார்த்தை வேணாம்." நான் தலையாட்டினேனா? ஆட்டியிருப்பேன். பத்தொன்பது வருஷமாக ஆட்டிப் பழகிய தலை, என்னைக் கேட்டுக்கொண்டா ஆடும். மடியில் தாள். மாவட்ட வேலைவாய்ப்பு நிலவரம், பைபாஸ் ரோடு ஷூ கம்பெனி, பணியாளர் ஆயிரத்து நூற்று நாற்பது. விரலில் வேர்வை பட்டு அந்த நாற்பது கொஞ்சம் ஊறியிருக்கிறது. ஊறட்டும், அப்படியே அழிந்து போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

அழியாது, அதுதான் பிரச்சினை. அது அழியவே அழியாத எண். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் பதிவு பண்ணிவிட்டுக் கூப்பிடுவார்களா கூப்பிடுவார்களா என்று தலை நரைக்கக் காத்திருக்கிற இடம், அவ்வளவுதான் தெரியும், என் பிரிவு இருப்பதே தெரியாது. ஒவ்வொரு காலாண்டும் மாவட்டத்தில் இருக்கிற கம்பெனி, மில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் எங்களுக்குப் படிவம் அனுப்ப வேண்டும், இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை காலியிடம் என்று. நாங்கள் கூட்டிச் சென்னைக்கு அனுப்புவோம், சென்னை கூட்டி டெல்லிக்கு அனுப்பும், எந்தத் தொழிலில் ஆள் தேவை, எதில் பயிற்சி கொடுக்கலாம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். நல்ல ஏற்பாடு. நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல ஏற்பாடு, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது, ஊரின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற கை நம்முடையது என்று. ஆனால் படிவம் வராத கம்பெனியை என்ன செய்வது? நினைவூட்டுக் கடிதம் போடு. அதற்கும் பதில் வராவிட்டால்? அதற்குத்தான் எங்கள் ஆபீசில் ஒரு மந்திரம் இருக்கிறது. பழையபடி. போன காலாண்டில் என்ன எண்ணோ அதையே இந்தக் காலாண்டுக்கும் போடு. பென்சிலால் பக்கத்தில் சின்னதாக ஒரு 'ப' எழுதிக்கொள், தட்டச்சு ஆகும்போது அந்த 'ப' விழுந்துவிடும், எண் மட்டும் நிற்கும். கம்பெனிக்காரன் மறந்திருப்பான், கணக்குப் பார்க்கிறவர் லீவில் இருந்திருப்பார், அடுத்த தடவை வந்துவிடும், அதுவரைக்கும் ஒட்டுப் போட்டு வைப்போம், இந்த நினைப்பில் யாரோ எப்போதோ ஆரம்பித்தது. பைபாஸ் கம்பெனியிலிருந்து போன தீபாவளிக்கு முன்னால் வந்த படிவம்தான் கடைசி. அப்புறம் பழையபடி, பழையபடி, பழையபடி. இரண்டு தடவை நான் கேட்டேன், சார், நேரில் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா. ஜீப்புக்கு டீசல் இல்லை என்றார்.

டீசல் இல்லாவிட்டால் என்ன, எனக்குக் காது இருக்கிறதே. எங்கள் தெருமுனையில் விடியற்காலையில் கம்பெனி பஸ் நிற்கும், டிரைவர் ஹாரனை விடாமல் அடிப்பான், பெண்கள் டிபன் பாக்ஸும் கையுமாக, தலை முடிந்தும் முடியாமலும் ஓடுவார்கள், நீலக் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஏறுவார்கள், அந்த ஹாரனில்தான் நான் எழுந்து குக்கர் வைப்பேன், சாமுவேல் எழுந்து திட்டுவார். மாசி மாதத்தில் ஒருநாள் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். மறுநாளும். சாமுவேல், அப்பாடா, நிம்மதி என்றார். எனக்கு நிம்மதியாக இல்லை, ஏனென்றால் ஆபீசில் என் மேஜையிலிருந்து அன்றைக்குத்தான் முதல் பழையபடி போயிருந்தது. தெருவில் விசாரித்தேன். கோடி வீட்டு ஷகிலா கட்டிங் லைன். கேட்டதும் முகம் சுண்டிப்போய்விட்டது, வாசலில் நிற்க வைக்காமல் உள்ளே இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள், "எங்க லைன் மட்டும்தான் நிறுத்திட்டாங்கக்கா. ஆர்டர் இல்லியாம். மத்தவங்க எல்லாம் போய்கினுதான் இருக்காங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." அடுத்த சந்தில் பேக்கிங் லைனில் இருந்த குப்பம்மா. "எங்க லைன் மட்டும்தான் மேடம். மத்த லைனை ஆத்துக்கு அந்தாண்ட புது யூனிட்டுக்கு மாத்திட்டாங்களாம், பஸ்ஸு அந்த வழியா போவுதாம்." எல்லாருக்கும் அவரவர் லைன் மட்டும். எல்லாரும் வெட்கப்பட்டுக்கொண்டு, தன்னைத்தான் கழித்துக்கட்டினார்கள், தன் கைதான் வேகம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. என்ன கெட்டிக்காரத்தனம்! மொத்தமாக மூடினால் ரோட்டில் உட்காருவார்கள், தாசில்தார் வருவார், சங்கக் கொடி வரும். ஒவ்வொரு லைனாக, ஒவ்வொரு வாரமாக, காதோடு சொல்லி அனுப்பினால் சத்தமே இல்லை. போன சனிக்கிழமை நானே ஷேர் ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான், "யூனிட்டாவது ஒண்ணாவது. மிஷினெல்லாம் லாரியில ஏத்தி அனுப்பிட்டாங்கம்மா. உள்ள நாய்தான் இருக்குது. வெளிய சொல்லாதன்னு இருக்காங்க, நான் சொன்னேன்னு எழுதிக்காதீங்க." கேட் இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஷெட்டுக்குள் வெளிச்சம் மேலிருந்து நேராகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. தரையில் மிஷின் பூட்டியிருந்த இடமெல்லாம் ஆணித் துளைகள்.

கைதட்டுகிறார்கள். பரந்தாமன் முடித்துவிட்டாரா? இல்லை, குடிக்கத் தண்ணீர் வாங்குகிறார், குடித்துவிட்டு இன்னும் பேசுவார். எனக்கும் தண்ணீர் வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கீழே அந்த மேஜை. வலது பக்கம், மாவிலைத் தோரணத்துக்கு அடியில், நிலையத்து ஆள்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு எதிரில் பெண்கள் வரிசை கட்ட வேண்டும், ஆறு மாதத் தையல் பயிற்சி, முடித்ததும் வேலை உறுதி, சேருவதற்கு அசல் மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்துவிட வேண்டும். அசல். பயிற்சி முடிகிறவரை திரும்பக் கிடைக்காது. வருகிற திங்கட்கிழமையோடு அரசுக் கல்லூரியில் சேர்க்கை முடிகிறது. அந்த மேஜைக்கு எதிரில்தான் என் எண் போய் நிற்கப்போகிறது, நான் படித்து முடித்ததும் வரிசை நகரும். செல்வராணி எங்கே? அதோ, நாலாவது வரிசை, ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்திருக்கிறாள், பக்கத்தில் மகள் ஹேமாவதி, மடியில் பிளாஸ்டிக் ஃபைல். ஹேமாவதிக்கு வேதியியல் கிடைத்திருக்கிறது, அரசுக் கல்லூரி, முதல் பட்டியலிலேயே. கம்பெனி கேட்டுக்கு எதிரில் டீக்கடையில்தான் செல்வராணியைப் பார்த்தேன் அந்தச் சனிக்கிழமை, தைக்கிற லைனில் பதினோரு வருஷம், அனுபவச் சான்றிதழ் கேட்டு வாராவாரம் வந்து வாட்ச்மேனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு போகிறாள். நான் அவளிடம் மறைக்கவில்லை. அம்மா, கம்பெனியே இல்லை, மூடிவிட்டார்கள் என்று பட்டென்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடுப்பில் மடித்து வைத்திருந்த இந்தப் பயிற்சி நிலையத்தின் நோட்டீஸ் ஒன்றை எடுத்து விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நீ எந்த ஆபீசுன்னு சொன்ன? இத பாரு, உன் ஆபீசு பேரு போட்டிருக்குது. ஆயிரத்து நூத்தி நாப்பது பேரு வேலை பார்க்கறாங்கன்னு அச்சடிச்சிருக்குது. எங்க லைனு போச்சு, சரி, எங்க தலையெழுத்து. மத்த லைனு ஓடுதில்ல? எம் பொண்ணு அதுல போய் உக்காரட்டும். காலேஜு படிச்சு இன்னா பண்ணப் போறா." நான் மறுபடி சொன்னேன், அந்த எண் பழையது, நாங்கள்தான் மாற்றாமல் வைத்திருக்கிறோம் என்று. "நீ ஒண்ணு சொல்ற, உன் ஆபீசு ஒண்ணு சொல்லுது. நான் எத நம்பறது? நீ ஒரு ஆளு, அது கெவருமென்ட்டு."

அதை என்னால் விழுங்கவே முடியவில்லை. அந்த ஆயிரத்து நூற்று நாற்பதில் நீயும் ஒருத்திதான் செல்வராணி, உன்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறது, நீ டீக்கடையில் என் எதிரில் உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே எங்கள் தாளில் நீ நீலக் கோட்டு போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருக்கிறாய், ஷகிலா வெட்டிக்கொண்டிருக்கிறாள், குப்பம்மா பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். தன் கண்ணால் பார்த்ததை நம்பாமல் என் ஆபீஸ் தாளை நம்புகிறாள் ஒருத்தி, அதைவிட அவமானம் எனக்கு வேறென்ன வேண்டும். திங்கட்கிழமை சாரிடம் போய் நின்றேன். இந்த எண்ணை எடுத்துவிடலாம் சார், நான் பார்த்துவிட்டு வந்தேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல், பேனாவை மூடி வைத்துவிட்டுக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார், "நீங்க பார்த்தது உங்க சொந்த விஷயம்மா. படிவம் வந்துதா? வரல. மூடிட்டோம்னு அவங்க எழுதித் தராத வரைக்கும் ரெக்கார்டு பிரகாரம் அந்தக் கம்பெனி ஓடிக்கிட்டுதான் இருக்கு." காலியாக விடலாமே சார். "காலியா விட்டா சென்னையில கேள்வி வரும். அந்தப் பயிற்சிக்கு அனுமதி வாங்கினதே இந்த எண்ணை வச்சுத்தான். பழையபடி இருக்கட்டும்." அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ராமநாதபுரத்தில் ஒரு இடம் ரொம்ப நாளாகக் காலியாக இருக்கிறது, ஆளே போக மாட்டேனென்கிறார்கள் என்றார். மாவட்டத்தின் காலியிடங்களையெல்லாம் சேகரிக்கிற எனக்கு அந்த ஒரு காலியிடத்தை அவர் அவ்வளவு அக்கறையாக எடுத்துச் சொன்னார். ராத்திரி சாமுவேலிடம் சொன்னால், உனக்கு எதற்கு இந்த வம்பு, நீயா மூடினாய் என்கிறார். நான் மூடவில்லை. ஆனால் நான்தானே இன்னும் திறந்து வைத்திருக்கிறேன், இந்தத் தாளில்.

பயமாகத்தான் இருக்கிறது. பயமில்லை என்று யாராவது சொன்னால் அவருக்கு இன்னும் மெமோ வரவில்லை என்று அர்த்தம். ராமநாதபுரம் எவ்வளவு தூரம், ரயில் ராத்திரிதான், மாதத்துக்கு இரண்டு தடவை வரலாம், சாமுவேலுக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளட்டும், இந்த வயதில் ஒரு பயிற்சி, வேலை உறுதி. சிரிப்பு வருகிறது. மேடையில் சிரித்தால் சார் திரும்பிப் பார்ப்பார். பார்க்கிறார். பார்க்கட்டும். நான் மைக்கில் போய், இந்த எண் தப்பு, கம்பெனி மூடியாயிற்று என்று சொன்னால் என்ன ஆகும்? செல்வராணி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு ஆளு. நோட்டீசில் அச்சடித்தது ஒரு பக்கம், பிளாஸ்டிக் நாற்காலிக்காரி ஒரு பக்கம், தாளாளர் எழுந்து சிரித்துக்கொண்டே, மேடத்துக்குத் தகவல் சரியாக வரவில்லை, யூனிட் மாறியிருக்கிறது என்பார், முடிந்தது, வரிசை நகர்ந்துவிடும். என் வாயால் சொன்னால் அது இன்னொரு எண், அவ்வளவுதான், இன்னொருத்தி சொன்ன எண். அப்படியானால் யார் சொன்னால் நம்புவார்கள்? அதோ குப்பம்மா, தூண் ஓரமாக, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஷகிலா இரண்டாவது வரிசையில், தங்கச்சியோடு. அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களும் கம்பெனிக்காரிகள்தான், ஊசி குத்திக் குத்திக் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது, எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. மண்டபம் முழுக்க அம்மாக்கள். ஒவ்வொருத்தியும் மற்றவளைப் பார்த்து, இவள் இன்னும் வேலையில் இருக்கிறாள் போல, கொடுத்து வைத்தவள் என்று நினைத்துக்கொண்டு முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடக் கடவுளே. பழையபடி என்று நாங்கள் ஆபீசில் மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கிறோமா, இவர்களும்தான் ஒருத்தியைப் பற்றி ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படிவம் வரவில்லை, படிவம் வரவில்லை என்று மூன்று காலாண்டாகக் காத்திருக்கிறோம், அந்தப் படிவம் மொத்தமும் இதோ என் எதிரில் கால் வலிக்க உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

என் பெயரைச் சொல்கிறார்கள். கால் எழுந்துவிட்டது, நான் இன்னும் எழவில்லை போல இருக்கிறது, மைக் என் உயரத்துக்கு மேலே நிற்கிறது, இறக்குகிறேன், கீச்சென்று கத்துகிறது, முன்வரிசைக் குழந்தை காதைப் பொத்துகிறது. தாளைப் பிரித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கிறது, ஆனால் நடுங்கவில்லை, அது போதும். "பைபாஸ் கம்பெனியில ஆயிரத்து நூத்தி நாப்பது பேர் வேலை பார்க்கறதா எங்க தாள்ல இருக்கு." முதுகுக்குப் பின்னால் சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்வது தெரிகிறது, நிம்மதி. "அந்தக் கம்பெனியில இருந்து எங்களுக்கு மூணு காலாண்டா விவரம் வரல. அதனால இப்ப உங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கறேன். போன தீபாவளிக்கு அந்தக் கம்பெனியில வேலையில இருந்தவங்க கை தூக்குங்க." ஒரு கையும் எழவில்லை. "பியூலா" என்றார் சார், பியூலாம்மாவில் இருந்த அம்மா போய்விட்டது. நான் ஷகிலாவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன். அப்போது நாலாவது வரிசையில் செல்வராணியின் கை, முழங்கை மடிந்தபடி, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப்போகிறவள் மாதிரி மேலே போனது. அப்புறம் தூணோரம் ஒன்று. அப்புறம் ஷகிலா. அப்புறம் பக்கத்தில், பின்னால், வாசலில் நின்றுகொண்டிருந்தவர்கள், எல்லாம் கை, பாதி மண்டபம் கை. "இப்ப, இன்னிக்கு, அதே கம்பெனியில எந்த லைன்லயாவது, எந்த யூனிட்லயாவது வேலைக்குப் போய்க்கிட்டு இருக்கிறவங்க மட்டும் கைய அப்படியே வைங்க. மத்தவங்க எறக்கிடுங்க."

இறங்குகிறது. ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக. இறக்கியவர்கள் யார் கை இன்னும் மேலே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கிறார்கள், முன்னால் இருப்பவள் பின்னால், பின்னால் இருப்பவள் பக்கத்தில், ஒரு கையும் இல்லை. ஒன்றுகூட இல்லை. "நீயுமாடி?" என்று யாரோ கேட்கிறாள், ஷகிலா வாயைப் பொத்திக்கொண்டு குப்பம்மாவைப் பார்க்கிறாள், எங்க லைன் மட்டும்னு சொன்னாங்களே, எங்ககிட்டயும் அதைத்தானே சொன்னாங்க, பேச்சு நெருப்பாகப் பற்றிக்கொண்டு மண்டபம் முழுக்க ஓடுகிறது, தாளாளர் எழுந்து என்னவோ சொல்கிறார், ஒருத்தர் காதிலும் விழவில்லை. மைக் செத்துவிட்டது, பின்னால் யாரோ வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள், சாராக இருக்கலாம், பரவாயில்லை, பிடுங்கட்டும். மேஜையிலிருந்த ஆள் எழுந்து நாலாவது வரிசைக்கே வந்து ஃபைலுக்காகக் கையை நீட்டுகிறான். ஹேமாவதி ஃபைலை மடியிலிருந்து எடுத்து, அவனைப் பார்த்துக்கொண்டே, அக்குளில் இடுக்கிக்கொள்கிறாள். என் பெயர் பின்னாலிருந்து மறுபடி கேட்கிறது, மெமோ என்றும் கேட்கிறது, ராமநாதபுரம் இன்னும் கேட்கவில்லை, கேட்கும். கைப்பையில் பென்சில் இருக்கிறது, எடுத்தேன். தாளில் அந்த ஆயிரத்து நூற்று நாற்பதைக் குறுக்கே அடித்தேன், பக்கத்தில் இடம் விட்டேன், மேடையின் விளிம்புக்கு வந்து நின்று வெறும் தொண்டையால் கத்தினேன், வேலை போனவங்க எல்லாரும் மறுபடி தூக்குங்க, இந்தத் தடவை எண்ணிக்கறேன். தூக்கினார்கள். முதல் வரிசையிலிருந்து தொடங்கினேன், ஒன்று, இரண்டு, மூன்று, வாய்விட்டு எண்ணுகிறேன், நடுவில் ஒரு கை வலித்தோ வெட்கப்பட்டோ தாழ்கிறது, கணக்குத் தவறிவிடும் போல இருக்கிறது, அப்போது நாலாவது வரிசையில் ஒருத்தி நாற்காலிமேல் ஏறி நின்று, மண்டபம் அதிர, முழுக்கையையும் நீட்டிக்கொண்டு கத்துகிறாள். "எவளும் கைய எறக்காதீங்கடி! கெவருமென்ட்டு எண்ணிக்கினு இருக்குது!"